ஓடிப்போனவன் சாத்திய கேட்

அத்தியாயம் 9

அல்பியின் மண்டையில் முப்பத்தோரு தையல். இடது காது இருந்த இடத்தில் பஞ்சு. வலது மணிக்கட்டில், கட்டிலின் இரும்புக் கம்பியோடு சேர்த்து, ஒரு விலங்கு.

முதல் இரண்டையும் டல்சி எப்படியோ தாங்கிக்கொண்டாள். மூன்றாவதைப் பார்த்ததும்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"நினைவே இல்லாம கிடக்கிறவன் எங்க சார் ஓடிப்போவான்? கட்டிலை முதுகுல கட்டிக்கிட்டா?"

சார்ஜென்ட் நோக்ஸ் தொப்பியைக் கழற்றி உள்பட்டையின் வியர்வையைத் துடைத்தார். பிப்ரவரி மாதத்து சிட்னி வெயிலில் ஆஸ்பத்திரிச் சுவர்கூடக் கொதித்தது.

"இதோ பாரும்மா. நேத்து காலையில பத்தரை மணி. ஆங்கர் தெரு பின்சந்துல உன் தம்பியை எவனோ சுத்தியலால பொளந்திருக்கான். தோள்ல இருந்த கடிதப் பை அப்படியே இருக்கு. சட்டைக்குள்ள நெஞ்சோட கட்டியிருந்த பதிவுத் தபால் உறையில பட்டன்கூடக் கழலல. போனது என்ன? சாப்பாட்டு டப்பா! சாண்ட்விச்சுக்கு அடியில நானூறு பவுண்டு விலை போற பதினாலு ஓப்பல் ரத்தினக் கல்லு இருக்குன்னு எந்தத் திருடனுக்கும்மா ஜோசியம் தெரியும்? உன் தம்பி ஆள் வச்சுத் திருடச் சொல்லியிருக்கான். வந்தவன் பங்கு குடுக்க மனசில்லாம மண்டையில போட்டுட்டான். சாயந்திரம் அஞ்சு மணிக்குக் கேஸ் பதிவாயிடும்."

"சாப்பாடு கட்டிக் குடுத்தது நான். அப்ப என்னையும் சேர்த்துக் கட்டுங்க. கட்டில்ல இன்னொரு கம்பி சும்மாதான் இருக்கு."

ஜன்னலோரம் நின்றிருந்த கார்மோடி தொண்டையைச் செருமினார். தபால் இலாகாவின் துப்பறியும் அதிகாரி. தென்னங்கீற்று மாதிரி நெட்டையான மனிதர். இலாகா அவரை நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன் பதினொரு வருஷம் தெருத்தெருவாகக் கடிதப் பை சுமந்தவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வாய்த்துடுக்கால் வேலை போன டல்சியைக் கூப்பிட்டு உதவியாளராக வைத்துக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது.

"சார்ஜென்ட், பதிவுத் தபாலை நெஞ்சுல கட்டிக்கணும்ங்கிறது எங்க சட்டம். பையைக் கீழ வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் கதவைத் திறந்த பிறகுதான் சாமானை வெளிய எடுக்கணும். எல்லாம் சரி. ஆனா அந்தச் சட்டம் ஊர்ல இருக்கிற ரௌடிக்கெல்லாம் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி துறைமுகத்துகிட்ட ரெண்டு பேர் அல்பியோட சட்டையைக் கிழிச்சு உறையைப் பிடுங்கினாங்க. அதுக்கப்புறம் அவன் உறையில குதிரைப் பந்தயப் பேப்பரை மடிச்சு வச்சுப்பான். நிஜ சாமான் டப்பாவுல."

"அதான் நானும் சொல்றேன். அது அவனுக்கு மட்டும்தானே தெரியும்?"

"அவன் எந்த வீட்டு வாசல்ல டப்பாவைத் திறந்தானோ அந்த வீட்டுக்கும் தெரியும்" என்றாள் டல்சி. "பீட்ரூட் சாண்ட்விச் வாசனையோட பதிவுத் தபால் வாங்கினவங்க மறக்க மாட்டாங்க."

நோக்ஸ் தோளைக் குலுக்கினார். "அஞ்சு மணி" என்றார்.

டல்சி விடுவிடுவென்று வெளியேறினாள். அவள் திறந்துபோட்ட கதவைக் கார்மோடி திரும்பிப் போய்ச் சாத்திவிட்டு வந்தார். தினமும் நடக்கிற காரியம். இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

*

பின்சந்தில் ரத்தம் காய்ந்து கறுத்துக் கிடந்தது. ஈக்கள் மொய்த்தன. வேலிப்பலகையில், ஆள் உயரத்துக்கு, விரல்கள் வழுக்கிக்கொண்டு இறங்கிய தடம். அல்பி விழும்போது பிடிக்கப் பார்த்திருக்கிறான். டல்சி அதைத் தொட்டாள். உடனே கையை எடுத்துக்கொண்டாள். 

"அழணும்னா அழுதுடு" என்றார் கார்மோடி.

"அஞ்சு மணிக்கு மேல அழறேன் பாஸ். இப்ப நேரமில்ல."

ஆங்கர் தெருவில் ஒட்டிக்கொண்டு நிற்கிற வீடுகள். பின்கட்டுகளுக்கு நடுவே மரவேலி, ஒவ்வொரு வேலியிலும் ஒரு கேட். சந்திலிருந்து முப்பதாம் நம்பர் பின்கட்டு, அங்கிருந்து முப்பத்திரண்டு, முப்பத்து நான்கு, முப்பத்தாறு. முந்தாநாள் ராத்திரி மழை பெய்ததால் பூட்ஸ் தடங்கள் தக்காளிப் பாத்தியில் பளிச்சென்று பதிந்திருந்தன. ஒவ்வொரு எட்டும் ஒரு கஜத்துக்கு மேல். தலைதெறிக்க ஓடியிருக்கிறான். முப்பத்தாறில் செங்கல் தளம், தடம் முடிந்துபோனது. அங்கிருந்து கடல்சுவரைத் தாண்டிக் குதித்திருப்பான் என்பது நோக்ஸ் எழுதி வைத்திருக்கும் கதை.

முப்பத்தாறாம் நம்பர் பேஸ்லி அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். பக்கத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய்.

"டியூக்கைத் தொடாதீங்க. நடக்கிறவங்களை ஒண்ணும் பண்ண மாட்டான், ஓடினா விட மாட்டான். நேத்து அவனைக் குளிப்பாட்டறதுக்குத் துணி துவைக்கிற அறையில கட்டி வச்சிருந்தேன். தபால் போடறப்ப அல்பி ஊதற விசில் மூலை வீட்டுல கேட்டுச்சு. அப்புறம் கேக்கவே இல்ல. திடீர்னு ஒரு அலறல்! தெரு வழியா ஓடிப்போய்ப் பார்த்தா... ஐயோ. பக்கத்து வீட்டு விட்லர்தான் எனக்கு முன்னாடி ஓடி அல்பியோட தலையை மடியில தூக்கி வச்சுக்கிட்டாரு. அந்த மனுஷன் சட்டையெல்லாம் ரத்தம். அவருக்கு வர வேண்டிய கல்லுதானே போச்சு, அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. தங்கமான மனுஷன்."

"நாய் எப்ப வெளிய வந்துச்சு?" என்று கேட்டார் கார்மோடி.

"அலறல் கேட்டதும் அவிழ்த்து விட்டேன். இந்த முற்றத்துல பைத்தியம் மாதிரி சுத்தினான். கேட் சாத்தியிருந்ததால தப்பிச்சேன், இல்லாட்டி நேரா ரோட்டுக்கு ஓடி டிராம்ல அடிபட்டிருப்பான்."

டல்சி நின்றாள். திரும்பி வந்த வழியைப் பார்த்தாள். அவள் கடந்து வந்த நான்கு கேட்டும் ஆவென்று திறந்து கிடந்தன. பதிலைக் கேட்ட கார்மோடி திரும்பிப் போய் ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்திருந்தார். சின்ன வயதிலிருந்து அல்பியின் ஒரே புலம்பல் அவள் காதுக்குள் கேட்டது: அக்கா, கேட்! அக்கா, கேட்டைச் சாத்து!

"பாஸ்! கையை எடுங்க!"

கார்மோடி திடுக்கிட்டுக் கையை எடுத்தார்.

"நாம வர்றப்ப இந்த நாலு கேட்டும் எப்படி இருந்துச்சு?"

"சாத்தி இருந்துச்சு. கேட்னா சாத்தித்தான் இருக்கும்."

"ஒருத்தனை அடிச்சுப் போட்டுட்டு உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடறவன், நின்னு, திரும்பி, கொண்டியை மாட்டிட்டா ஓடுவான்?" அவள் குனிந்து கொண்டியைப் பார்த்தாள். இரும்பில் பழுப்பாக ஒரு விரல் அடையாளம். அல்பியின் ரத்தம். கேட்டைத் தாண்டிப் போனவன் அந்தப் பக்கத்திலிருந்து மாட்டியிருக்கிறான். அடுத்த கேட்டிலும் அதே அடையாளம். அதற்கடுத்ததிலும்.

கார்மோடி தன் கையையே பார்த்தார். "எனக்கு இது தோணவே இல்லையே" என்றார் மெதுவாக.

"எப்படித் தோணும்? நீங்களும் அந்த ஜாதிதானே. நாய் வெளிய போயிடுச்சுன்னு வீட்டுக்காரங்க திட்டித் திட்டி, தபால்காரன் கை தானா சாத்தும். மூளைக்குத் தகவலே போகாது. பாஸ், என் தம்பியை அடிச்சவன் பை தூக்கினவன்!"

*

டப்பா ரகசியமும் தெரிந்து, பையும் தூக்கியவன் என்றால் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. கீத் லாலர். ஜனவரியில் அல்பி விடுமுறை போனபோது மூன்று வாரம் அந்த ரவுண்டைப் பார்த்தவன். முரடன். மதியம் இரண்டு மணிக்கு அவன் துறைமுகத்து மதுக்கடையில் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தான்.

"அல்பி டப்பாவுல எதை வச்சிருந்தான்னு உனக்குத் தெரியுமா?" என்று கார்மோடி கேட்டு முடிப்பதற்குள் லாலரின் கோல் சுழன்று வந்தது. கார்மோடி குனிந்தார். அவருக்குப் பின்னாலிருந்த பீர் கிளாஸ்கள் நொறுங்கின. இரண்டாவது வீச்சு அவர் விலாவில் இறங்கியது. மூன்றாவதற்கு அவர் காத்திருக்கவில்லை. நெருங்கிப் போய் நெற்றியால் லாலரின் மூக்கில் ஒரு முட்டு முட்டினார். எலும்பு உடைகிற சத்தம் கடை முழுக்கக் கேட்டது. லாலர் பச்சை விரிப்பில் மல்லாந்து விழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் குபுகுபுவென்று வழிந்தது.

டல்சி ஒரு பில்லியர்ட்ஸ் பந்தை எடுத்து அவன் முன்பல்லுக்கு நேராகப் பிடித்தாள். "பதில் சொல்றதுக்குப் பல்லு வேணுமா, வேண்டாமா?"

"பைத்தியங்களா!" லாலர் ரத்தத்தைத் துப்பினான். "வேலையை விட்டுத் தூக்கத்தான் வந்தீங்கன்னு அடிச்சேன். திங்கக்கிழமை ராத்திரியிலேர்ந்து நேத்து மத்தியானம் வரைக்கும் நான் லாக்கப்ல இருந்தேன். ஒரு போலீஸ்காரன் மூஞ்சியில குத்திட்டேன். நோக்ஸையே கேளு, அவன்தான் பூட்டினான்!"

டல்சி பந்தைக் கீழே வைத்தாள். கடிகாரத்தில் மணி இரண்டு இருபது.  கைக்கு எட்டியது கை நழுவிப் போய்விட்டது.

"உனக்கு டப்பா விஷயம் யார் சொன்னது?" என்றார் கார்மோடி, விலாவைப் பிடித்துக்கொண்டு.

"அந்தக் கல்லு அறுக்கிற விட்லர்தான். 'அல்பி மாதிரி டப்பாவுல வைப்பா, பத்திரம்'னு எனக்கே புத்தி சொன்னான். அதுமட்டுமா? 'மேட்டு லாம்ப் போஸ்ட் வந்ததும் பையைத் தோள் மாத்திக்கோ, இல்லாட்டி ராத்திரி இடுப்பு புடிச்சுக்கும்'னான். உக்காந்து கல்லு தேய்க்கிறவனுக்கு என் இடுப்பு மேல என்னடா அக்கறைன்னு நினைச்சேன்."

கார்மோடி ஒரு கைக்குட்டையை எடுத்து லாலரின் மூக்கில் வைத்து அழுத்தினார். வெளியே வந்ததும் சொன்னார்.

"தோள் மாத்தறதை எவனும் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம், டல்சி. ராத்திரி இடுப்பு புடிச்சுக்கிறது தூக்கினவனுக்குத்தான் தெரியும்."

"ஆனா அது அவனுக்கு வர வேண்டிய கல்லு பாஸ்! தன் தபாலைத் தானே எவனாவது திருடுவானா?"

"கல்லு அவனுது இல்ல. சுரங்கக்காரன் அறுத்துக் குடுக்கச் சொல்லி அனுப்பினது. சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டா கல்லு அவன் பொறுப்பு. போடறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி போனா தபால்காரன் பொறுப்பு."

டல்சி ஓட ஆரம்பித்திருந்தாள்.

*

விட்லர் பின்கட்டுக் கொட்டகையில் இருந்தான். ஐம்பது வயது, வட்டக் கண்ணாடி, மென்மையான குரல். சாணைச் சக்கரம் தண்ணீர் தெளித்துக்கொண்டு சுற்றியது. இவர்களைப் பார்த்ததும் காலால் மிதியை நிறுத்தினான்.

"அல்பி எப்படி இருக்கான்? பாவம், நேத்து ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமே இல்ல. எலுமிச்சை சர்பத் குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்" என்றார் கார்மோடி. "ஒரே ஒரு சந்தேகம். வரிசையா நாலு கேட்டையும் எதுக்குச் சாத்திட்டுப் போனீங்க?"

விட்லரின் முகத்தில் நிஜமான குழப்பம் வந்தது.

"சாத்தினேனா?" என்றான்.

 வாயை விட்டு வந்த வார்த்தை அவனுக்கே உறைக்க இரண்டு வினாடி ஆயிற்று. அவன் முதலில் கார்மோடியைப் பார்த்தான், பிறகு டல்சியை, கடைசியில் தன் வலது கையை.

அந்தக் கை வேலைப் பலகைக்கு அடியில் போய் வந்தது. வந்தபோது அதில் சுத்தியல் இருந்தது. கார்மோடியின் தோள்பட்டை எலும்பு படக்கென்று முறிந்தது. அவர் சுருண்டு விழுந்தார். விட்லர் சாணைச் சேற்று வாளியைத் தூக்கி டல்சியின் முகத்தில் வீசிவிட்டுப் பின்வாசல் வழியாகப் பாய்ந்தான்.

"போ!" என்று கத்தினார் கார்மோடி, தரையில் கிடந்தபடி.

டல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். விட்லர் பேஸ்லி அம்மாளின் முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தான். டியூக் குரைத்துக்கொண்டு அவன் மேல் பாய்ந்தது. ஒரு சாண் வித்தியாசத்தில் அவன் எதிர் கேட்டைத் தாண்டி, திரும்பி, கொண்டியை மாட்டினான். நாய் பலகையில் மோதி விழுந்தது. பழகிய கை ஒரு தடவை அவன் உயிரைக் காப்பாற்றியது.

டல்சி அந்தக் கேட்டைத் திறந்தாள். தன் ஆயுளில் எந்தக் கேட்டையும் சாத்தாதவள் இதை மட்டும் சாத்துவாளா? டியூக் அவள் காலுக்கிடையில் புகுந்து பறந்தது.

முப்பத்து நான்காம் நம்பரின் மறுகோடியில் விட்லர் கேட்டைத் தாண்டியாயிற்று. தாண்டியவன் அப்படியே ஓடியிருந்தால் சந்து, சந்தைத் தாண்டினால் டிராம், டிராம் ஏறினால் ஆள் அகப்பட மாட்டான். ஆனால் அவன் நின்றான். திரும்பினான். கை கொண்டியைத் தேடியது. சேற்று விரல் வழுக்கியது. ஒரு தடவை, இரண்டு தடவை.

மூன்றாவது தடவை கொண்டி மாட்டுவதற்குள் நாய் கேட்டோடு சேர்த்து அவனைத் தள்ளியது. பற்கள் தொடையில் இறங்கின. விட்லர் ஊளையிட்டான். சுத்தியலால் நாயின் விலாவில் ஓங்கி அடித்தான். நாய் விடவில்லை. மறுபடி ஓங்கினான்.

தக்காளிப் பாத்தியில் ஒரு மண்வெட்டி நட்டிருந்தது. டல்சி அதைப் பிடுங்கி, தட்டையான பக்கமாகத் திருப்பி, அவன் கையில் போட்டாள். சுத்தியல் பறந்தது. அவன் இடது கையால் கால்சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு உளியை எடுத்து அவள் முன்னங்கையில் கீறினான். தோலும் சதையும் பிளந்து ரத்தம் கொட்டியது. அவளுக்கு வலிக்கவில்லை. வேலிப்பலகையில் வழுக்கி இறங்கிய விரல்தடம்தான் கண்ணில் நின்றது.

"இது சாதாரணத் தபால் இல்லடா" என்றாள். "பதிவுத் தபால்."

மண்வெட்டி அவன் முகத்தில் இறங்கியது. கண்ணாடி, மூக்கு, முன்பல் இரண்டு, எல்லாம் ஒரே அடியில் போயின. அவன் சரிந்தான். அவள் மறுபடி ஓங்கினாள். இந்த முறை தட்டைப் பக்கம் இல்லை, கூர்ப்பக்கம். மண்வெட்டி தலைக்கு மேலே நின்றது. அல்பிக்காக இவனைக் கொன்றுவிடலாம் என்றுதான் அந்த வினாடியில் அவளுக்குத் தோன்றியது.

"டல்சி!" வேலியைப் பிடித்துக்கொண்டு கார்மோடி வந்து நின்றார். ஒரு தோள் தொங்கியது. நல்ல கையில் சேறு வழிகிற ஒரு தகர டப்பா. "சாணைத் தொட்டிக்குள்ள முக்கி வச்சிருந்தான். கல்லு பதினாலும் இருக்கு. அவன் உயிரோட வேணும். அவன் பேசினாத்தான் உன் தம்பி விலங்கு கழலும்."

டல்சி மண்வெட்டியை மண்ணில் குத்தி நிறுத்தினாள். அங்கேயே உட்கார்ந்தாள். டியூக் நொண்டிக்கொண்டு வந்து அவள் மடியில் தலையை வைத்தது.

"சாண்ட்விச்?" என்று கேட்டாள்.

"தின்னுட்டான்."

"பீட்ரூட்டையும் சேர்த்தா? அப்ப அவனுக்கு ஏற்கெனவே தண்டனை ஆயிடுச்சு" என்று சொன்னவள், ஐந்து மணிவரை தள்ளிப்போட்டிருந்த அழுகையை அங்கேயே அழுது தீர்த்தாள்.

*

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நோக்ஸ் சாவியைப் போட்டுத் திருப்பினார். விலங்கு கழன்றது. அவர் யார் முகத்தையும் பார்க்காமல், "ஒன்பது வருஷம் அடிலெய்டுல பை தூக்கியிருக்கான். ஏதோ கடிதத்தைப் பிரிச்சான்னு துரத்திட்டாங்களாம். எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான், பல்லு இல்லாததால எழுதறதுக்குள்ள என் உயிர் போச்சு" என்றார்.

டல்சி கட்டுப் போட்ட கையோடு கட்டிலருகே குனிந்தாள். அல்பியின் இமை அசைந்தது. ஒரு கண் திறந்தது.  உதடு பிரிந்தது.

"அக்கா..."

"சொல்லுடா. என்னடா வேணும்?"

"கேட்டைச் சாத்தினியா?"

டல்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இல்லடா. ஒண்ணைக்கூடச் சாத்தல."

அல்பிக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கம்போல முகத்தைச் சுளித்தான். விலங்கில்லாத வலது கையை மெல்லத் தூக்கி, அவள் திறந்துபோட்டுவிட்டு வந்த அறைக் கதவைக் காட்டினான்.